ராமாயணக் கச்சேரி: கதை வரிசையில் பாடுவதா, கச்சேரி வரிசையில் பாடுவதா?

சங்கதி

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒன்றரை மணி நேரக் கச்சேரி ஒன்று வந்திருக்கிறது, வயலினும் மிருதங்கமும் மட்டும். ஏற்பாடு செய்கிறவர்கள் "ராமாயணம்" என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டார்கள். தலைப்புக் கச்சேரி பாடுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

எப்படியாவது ஒரு கதை சொன்ன மாதிரி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் கதை நடந்த வரிசையிலேயே பட்டியல் போட்டேன். முதலில் "அலகலல்ல" (மத்யமாவதி). அப்புறம் மிதிலைக்கு "யாரோ இவர் யாரோ", பைரவியில், ஆலாபனையோடு. பட்டாபிஷேகப் பேச்சு எழும் இடத்துக்கு "ராமனுக்கு மன்னன் முடி தரித்தாலே", ஹிந்தோளம். தசரதன் புலம்பலுக்குக் குலசேகராழ்வார் பாசுரம், முகாரியில் விருத்தமாக, தாளமில்லாமல். "கண்டேன் கண்டேன் சீதையை", எனக்கு வந்த பாடாந்தரத்தில் வசந்தா. மெயினாக "மா ஜானகி", காம்போஜி. கடைசியில் "பாவயாமி ரகுராமம்", மங்களம்.

தாளில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் தம்புரா வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை பாடிப் பார்த்தால் நடுவில் எங்கேயோ தொய்ந்துபோகிறது. எந்தப் பாட்டைத் தூக்க வேண்டும் என்று தெரியவில்லை. இன்னொன்று, பாட்டுக்கு நடுவில் கதையைப் பேசிச் சொல்லலாமா, கூடாதா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வில்லும் விரலும்

பக்கவாத்தியக்காரன் காதால் கேட்டு ஒன்று சொல்கிறேன். உங்கள் பட்டியலில் உள்ள ராகங்களை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். மத்யமாவதி, பைரவி, ஹிந்தோளம், முகாரி, வசந்தா, காம்போஜி. அத்தனையும் சுத்த மத்யமம், அதாவது "ம" ஸ்வரத்தின் தாழ்ந்த வடிவம். உயர்ந்த வடிவம்தான் பிரதி மத்யமம். "பாவயாமி"யில் பூர்வீகல்யாணி வரும்வரை ஒரு இடத்தில்கூடப் பிரதி மத்யமம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கிறவர் காதுக்கு மாற்றமே இல்லை, தொய்வுக்குப் பாதிக் காரணம் அதுதான். கதை எங்கேயும் தொய்யவில்லை, ஸ்வரம்தான் ஒரே இடத்தில் சுற்றுகிறது.

அடுத்தது, பைரவியை விரிவாகப் பாடிவிட்டு, ஒரே ஒரு பாட்டு தள்ளி முகாரி விருத்தம். இரண்டு ராகத்திலும் சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம் இரண்டும் வந்து போகும். தனித்தனியாகக் கேட்டால் வேறு வேறு உலகம், ஆனால் பைரவியின் வாசனை மண்டபத்தில் இருக்கும்போதே முகாரியை எடுத்தால் முதல் சில பிடிகளை, ராகத்தைக் காட்டுகிற ஸ்வரக் கோவைகளை, ரொம்பப் பார்த்துப் பாட வேண்டும். வயலினில் பின்னால் வருகிற எனக்கும் அதே கஷ்டம். துக்கம் என்றாலே முகாரி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சுபபந்துவராளியை யோசித்துப் பாருங்கள், அது பிரதி மத்யமமும் கூட.

மூன்றாவது, "பாவயாமி". ஸ்வாதித் திருநாள் அதை ஸாவேரியில் செய்தது, செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர் காண்டத்துக்கு ஒரு ராகமாகப் பிரித்து ராகமாலிகையாக்கியது, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு பாட்டுக்குள்ளேயே பால காண்டத்திலிருந்து பட்டாபிஷேகம் வரை முழுக் கதையும் இருக்கிறது. நீங்கள் ஒரு மணி நேரம் கதை சொல்லி முடித்தபின் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி ஆகிவிடும். தவிர அது ராகங்களையும் விழுங்கிவிடும். ஸாவேரி, நாட்டக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்வீகல்யாணி, மத்யமாவதி என்று ஏழு ராகம் அதற்குள் போய்விடுகிறது. "பாவயாமி"யை வைத்துக்கொள்வதானால் அதையே கச்சேரியின் முதுகெலும்பாக வைத்து மற்றதைக் குறையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் விட்டுவிடலாம்.

பாசுரப்பித்து

மேலே அண்ணா சொன்ன ராகக் கணக்கு சரி. ஆனால் கதை என்ற பக்கத்திலிருந்து எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ராமாயணக் கதை தெரியாமல் யாரும் உங்கள் கச்சேரிக்கு வந்து உட்காரப் போவதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் அங்கே கிடையாது. அப்படியிருக்கும்போது நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லி என்ன ஆகப் போகிறது? பாட்டால் செய்ய முடிந்தது வேறு. ஒரு குறிப்பிட்ட ஆள், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், இன்னொருவரிடம் பேசுவதை நம் காதுக்குக் கொண்டுவர முடியும். அதனால் உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், அந்த நேரத்தில் அவர் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதுங்கள். எழுத ஆரம்பித்தாலே பாதி வரிசை தானாக வந்துவிடும்.

"அலகலல்ல"வையே எடுத்துக்கொள்ளுங்கள். மாரீசனை அடக்கியதும் சிவதனுசை முறித்ததும் பெரிய பெரிய காரியங்கள். த்யாகராஜரோ அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ராமன் நெற்றியில் முடிக்கற்றை அசைகிறது, அதைப் பார்த்து விச்வாமித்ர முனி எப்படிப் பூரித்திருப்பார் என்று கேட்கிறார். பாட்டு முழுக்க ஒரு கிழவர் ஒரு பிள்ளையைப் பார்க்கிற பார்வைதான். இதை "பால காண்டம் முடிந்தது" என்று டிக் போட்டுவிட்டுப் போகிற பாட்டாகப் பாடினால் அந்தப் பார்வை போய்விடும். பல்லவியில் சங்கதிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிற இடத்தில் அவசரப்படாமல் பாடுங்கள்.

"யாரோ இவர் யாரோ" பாடுவது யார்? ராமனா, சீதையா? பாட்டில் "கன்னி மாடந்தன்னில் முன்னே நின்றவர்" என்று வருகிறது. கன்னி மாடத்தில் நிற்பவள் சீதை, அதனால் பார்த்துக் கேட்பவன் ராமன் என்றுதான் நான் படிக்கிறேன். சீதை ராமனைப் பார்த்துக் கேட்பதாக எடுத்துக்கொண்டு பாடுகிறவர்களும் ஆடுகிறவர்களும் நிறையப் பேர் உண்டு. கேட்பவர்களிடம் அதை விளக்க வேண்டியதில்லை, ஆனால் பாடுகிற உங்களுக்குள் முடிவாகியிருக்க வேண்டும். முடிவு செய்யாமல் பாடினால் நிரவலில், ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும்போது, தெரிந்துவிடும், வரி சும்மா வார்த்தையாக ஓடும்.

இப்போது தசரதன் புலம்பலுக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழி மொத்தம் 105 பாசுரம், பத்துத் திருமொழியாகப் பிரிந்திருக்கிறது. எட்டாவது திருமொழி கோசலையின் தாலாட்டு, "மன்னு புகழ்க் கோசலைதன்" என்று ஆரம்பித்து "ராகவனே தாலேலோ" என்று முடிகிற பாசுரங்கள். அதற்கு அடுத்த ஒன்பதாவது திருமொழிதான் உங்கள் தசரதன் புலம்பல். நடுவில் வேறு எதுவும் இல்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளை, அடுத்த பக்கத்தில் காட்டுக்குப் போய்விட்டான்! விச்வாமித்ரர் இல்லை, மிதிலை இல்லை, கூனி இல்லை. குலசேகராழ்வார் இப்படி வைத்தபின் நாம் ஏன் வேறு வரிசை தேட வேண்டும்?

புலம்பலில் முதல் பாசுரத்தை எடுக்காமல், "மெல்லணைமேல் முன்துயின்றாய்" என்று வருகிற பாசுரத்தைப் பாருங்கள். முன்பு மெத்தையில் தூங்கினாய், இப்போது காட்டு மர நிழலில் "கல்லணைமேல் கண்துயிலக் கற்றனையோ" என்று அப்பன் கேட்கிறான். அந்தத் தூக்கம்தான் இரண்டையும் கோத்துவிடுகிறது. நீலாம்பரியில் ஒரே ஒரு தாலேலோ பாசுரம், அது முடிந்த ஸட்ஜத்திலிருந்தே சுபபந்துவராளிக்குப் போய் இந்தப் பாசுரம். பேச்சும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். புலம்பல் திருமொழி முழுவதையும் பாட ஆசைப்படாதீர்கள், ஒன்று போதும்.

வலந்தலை

மிருதங்கம் வாசிக்கிறவன். பாசுரப்பித்து சொன்ன இடம் பிரமாதம், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விருத்தம் ஓடுகிற நேரம் முழுக்க எங்களுக்கு வேலையில்லை. ஒரு இடத்தில் இருந்தால் சரி. இன்னும் இரண்டு மூன்று இடத்தில் விருத்தம் சேர்த்தால் கச்சேரி நடை அறுந்துபோகும். திரும்பத் தாளத்துக்குள் கேட்பவரை இழுத்துக்கொண்டு வர ஒவ்வொரு தடவையும் நேரம் பிடிக்கும்.

தனி ஆவர்த்தனம், மிருதங்கம் மட்டும் வாசிக்கிற இடம், எங்கே விடப் போகிறீர்கள் என்று எழுதவே இல்லையே. புலம்பலுக்குப் பக்கத்தில் விடாதீர்கள். காம்போஜி மெயினில் விடுங்கள், அந்தப் பாட்டின் குணத்துக்குத் தனி பொருந்தும். எங்கள் ஜானகியின் கையைப் பிடித்ததால்தானே உனக்கு இந்தப் பெருமை என்று பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளையைச் சீண்டுகிற பாட்டு அது. அசோக மரத்தடியில் அவள் நினைத்திருந்தால் ராவணனை அப்போதே முடித்திருக்கலாம், செய்யாமல் விட்டு அந்தப் புகழை உனக்குக் கொடுத்தாள் என்று சரணத்தில் வருகிறது. அந்த உரிமையும் சந்தோஷமும் இருக்கிற இடத்திலிருந்து தனி கிளம்பினால் கைக்கும் உற்சாகம் வரும்.

அப்புறம் காலப்பிரமாணம், பாட்டின் வேகம். "யாரோ" சௌக்கம், பாசுரம் தாளமில்லாதது, மெயின் விளம்பம், எல்லாமே மெதுவானவை. "கண்டேன்" கட்டாயம் துரிதமாக ஓட வேண்டும். அனுமன் ஓடி வந்து சொல்கிற செய்தி அது, அதில் போய் ஆலாபனை செய்து உட்கார வைக்காதீர்கள். முன்னால் கம்பனிலிருந்து "கண்டனென் கற்பினுக்கு அணியை" என்று இரண்டு வரி வசந்தாவிலேயே தொட்டுவிட்டு நேரே பல்லவிக்குள் குதித்தால் நான் அங்கேயே பிடித்துக்கொள்வேன். விருத்தம் இன்னொன்று வேண்டாம் என்று இப்போதுதான் சொன்னேன், இது விருத்தம் அளவுக்கு நீளக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் பாட்டு மத்யமாவதியில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்பவர்களுக்கு மத்யமாவதி என்றால் முடிவுக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு பழக்கம். அதற்கு முன்னால் மத்யம காலத்தில் சின்னதாக ஒன்று, ஹம்சத்வனியில் "ரகுநாயகா" மாதிரி, போட்டுவிட்டுப் போங்கள்.

காலட்சேபம்

பேசலாமா கூடாதா என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை, அதனால் நான் வருகிறேன். எங்கள் வீட்டில் ஹரிகதை பரம்பரை.

கதாகாலட்சேபத்தில் பேச்சும் பாட்டும் சரிசமம். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் காலத்திலிருந்து மராட்டியக் கீர்த்தன முறையில் உள்ள ஸாகி, திண்டி மாதிரியான மெட்டுகளும் தமிழ்க் கதைக்குள் வந்தன. ஏன் வந்தன என்றால், பேச்சிலிருந்து நேரே ஒரு பெரிய கீர்த்தனைக்குள் போக முடியாது, நடுவில் ஒரு படி வேண்டும். அந்தச் சின்ன மெட்டுகள்தான் அந்தப் படி. கச்சேரியில் உங்களுக்கு அந்த வசதி இல்லை, விருத்தம் ஒன்றுதான் உண்டு. அதனால் பேச்சை நீட்டினால் அது தனியாகத் தொங்கும்.

என் யோசனை இதுதான். பேசுங்கள், ஆனால் ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. தம்புரா ஓடிக்கொண்டே இருக்கட்டும், மைக்கைத் தள்ளி வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொற்பொழிவு மாதிரி ஆரம்பிக்க வேண்டாம். பாட்டின் அர்த்தத்தைச் சொல்லாதீர்கள், பாட்டு ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு அடி முன்னால் வரை மட்டும் கொண்டுவந்து விடுங்கள். உதாரணமாக "மா ஜானகி"க்கு முன்னால், "ராவணனை வென்றது யார் என்று த்யாகராஜரைக் கேட்டால் அவர் பதில் வேறு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டு காம்போஜியை ஆரம்பித்தால் போதும். பதிலைப் பாட்டு சொல்லட்டும். தெலுங்கு தெரியாதவர்கள் கூட்டத்தில் நிறைய இருந்தால் இது மிகவும் உதவும்.

தமிழ்ப் பாட்டுக்கு முன்னால் பேச்சே தேவையில்லை. "யாரோ", "ராமனுக்கு மன்னன்", "கண்டேன்" மூன்றையும் செய்த அருணாசலக் கவிராயர் மேடைக்காகவே எழுதியவர், கேட்டவுடனே புரிகிற சொல். அதற்கு உரை சொல்வது கேட்பவரைக் குறைத்து மதிப்பது.

முன்வரிசை

நான் பாடுகிறவன் இல்லை, கேட்கிறவன். அதனால் கொஞ்சம் மாறுபட்ட கருத்து, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தலைப்புக் கச்சேரி என்று போனால் பல தடவை பாட்டு தலைப்புக்கு உதாரணமாகிவிடுகிறது. ஒரு காண்டத்துக்குப் பாட்டு வேண்டும் என்பதற்காக, பாடுகிறவருக்கே பழகாத ஒரு உருப்படி உள்ளே வரும், புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார், ராகம் நிற்கவே நிற்காது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிப் பத்ததியை வகுத்தபோது விறுவிறுப்பாக ஆரம்பித்து, நடுவில் கனமாக விரித்து, தனிக்கு அப்புறம் துக்கடாவாக, சின்னச் சின்னப் பாட்டுகளாக, இறக்கி வைத்தார் என்றால், கேட்கிறவனின் கவனம் எப்படி ஏறும் எப்படி இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ராமாயணத்துக்காக அதைக் கலைக்க வேண்டியதில்லை. தலைப்பு சபாவுக்கு. உங்களுக்கு எது நன்றாகக் கைவந்திருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள், ராமன் அதில் எங்கே இருக்கிறான் என்று அப்புறம் பாருங்கள்.

கதையே சொல்ல வேண்டும் என்றால், கதைக்காகவே எழுதப்பட்ட பாட்டுகளுக்குப் போகலாம் என்பது என் எண்ணம். தலைப்பை மாற்ற முடியாது என்றால் இதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் திருப்புன்கூர் கட்டத்தை மட்டும் எடுங்கள். நந்தன் வெளியே நின்று பார்க்கிறான், நந்தி மறைக்கிறது, "வழி மறைத்திருக்குதே", நாட்டக்குறிஞ்சி. உடனே சிவன் நந்தியிடம் பேசுகிறார், "சற்றே விலகி இரும் பிள்ளாய்", பூர்வீகல்யாணி. அப்புறம் சிதம்பரத்தில் நந்தன் நடராஜனிடம் கேட்பது, "வருகலாமோ", மாஞ்சி. மூன்று பாட்டில் பேசுகிறவரும் மாறுகிறார், மத்யமமும் மாறுகிறது. நந்தியிடம் சிவன் பேசுகிற குரலில் அதட்டல் இல்லை, பிள்ளாய் என்று கூப்பிட்டுக் கொஞ்சம் தள்ளிக்கொள் என்கிறார். அதற்கு முந்தைய பாட்டில் நந்தன் தவித்த தவிப்பைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால்தான் அதன் இதம் தெரியும். தனியாக, பட்டியலில் எங்கோ ஒரு மூலையில் பூர்வீகல்யாணி வேண்டும் என்பதற்காக இதைப் பாடும்போது அது கிடைப்பதில்லை.

ஆனால் அதைப் பாடுகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. "வருகலாமோ" என்று கேட்பவன் பிறந்த சாதியின் பெயரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். சரணத்தில் அவன் வாயாலேயே அது வருகிறது. மாஞ்சியின் இனிமையில் அதைக் கரைத்துவிட்டு, பக்தி ரசம் சொட்டியது என்று எழுந்துபோவது எனக்குச் சம்மதமில்லை. அவனைப் பாடுபடுத்துகிற பண்ணையார் வேதியர் பெரிய புராணத்தில் கிடையாது, பாரதியார் தன் கதையில் கொண்டுவந்தவர். எதற்காகக் கொண்டுவந்தார் என்று யோசித்துவிட்டுப் பாடினால் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். உ.வே.சா. எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் வரலாறு கிடைத்தால் படித்துவிட்டுப் பாடுங்கள்.

காலட்சேபம்

முன்வரிசை சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். த்யாகராஜரே ப்ரஹ்லாத பக்தி விஜயம், நௌகா சரித்திரம் என்று கதையாக எழுதியிருக்கிறார். நௌகா சரித்திரத்தில் கோபிகைகள் கண்ணனோடு யமுனையில் ஓடத்தில் போகிறார்கள், கர்வம் வருகிறது, புயல் வருகிறது, ஓடத்தில் ஓட்டை விழுகிறது. "கந்தமு புய்யருகா" அதிலிருந்து வருகிற பாட்டு. இன்றைக்குத் துக்கடாவாகப் பாடும்போது அது ஒரு பெரிய கதையின் துண்டு என்று எத்தனை பேருக்கு நினைவு வருகிறது? ஆபத்தெல்லாம் தாண்டி வந்த பெண்கள் பூசுகிற சந்தனம் என்று தெரிந்தால் புன்னாகவராளி வேறு மாதிரி கேட்கும். பாட்டைக் கதையிலிருந்து பிரித்து எடுத்தே பழகிவிட்டோம், அதனால்தான் திரும்பக் கோக்கும்போது இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

தலைப்பே வேண்டாம் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பழகாத பாட்டைச் சேர்ப்பது தவறு, அது சரி. ஆனால் நன்றாகப் பழகிய இரண்டு பாட்டை அடுத்தடுத்து வைக்கும்போது, தனியாக இருந்தபோது இல்லாத ஒன்று அங்கே கேட்கிறதே, தாலாட்டும் புலம்பலும் மாதிரி. அது தலைப்பு இருந்தால்தான் கிடைக்கும்.

சங்கதி

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. பாசுரப்பித்து சொன்னபடி ஒவ்வொரு பாட்டுக்கும் யார், யாரிடம் என்று எழுதிப் பார்த்தேன். "பாவயாமி"க்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றுமே வரவில்லை, அது கதையை வெளியிலிருந்து சொல்கிற பாட்டு. அப்படியே அது போய்விட்டது.

புது வரிசை இது. "ரகுநாயகா" சிட்டாக, ஸ்வரம் கொஞ்சம். "அலகலல்ல" ஆலாபனை இல்லாமல், அவசரமும் இல்லாமல். "யாரோ" பைரவி ஆலாபனையோடு, ராமன் பார்ப்பதாக. அடுத்து "ராமனுக்கு மன்னன் முடி", ஸ்வரம் எதுவும் சேர்க்காமல். அது முடிந்த உடனே கைதட்டலுக்கு இடம் விடாமல் நீலாம்பரியில் தாலேலோ பாசுரம், அதிலிருந்து சுபபந்துவராளியில் "மெல்லணைமேல்" வருகிற பாசுரம். முடிசூட்டுப் பேச்சு, தொட்டில், காடு என்று மூன்றும் ஒரே மூச்சில் வருகிறது. கதை வரிசைப்படி பார்த்தால் தாலாட்டு பின்னால் போய்விட்டது. ஆனால் முடிசூட்டு நின்றுபோன ராத்திரியில் வீட்டில் யாருக்கோ பிள்ளையின் தொட்டில் ஞாபகம் வருவதாக வைத்துக்கொண்டு பாடப் போகிறேன், எனக்கு அது இயல்பாகவே இருக்கிறது. அப்புறம் "கண்டேன்" துரிதமாக, "மா ஜானகி" மெயின், நிரவல், ஸ்வரம், தனி.

இரண்டு கேள்வி மிச்சம். தனிக்கு அப்புறம் ஏதாவது பாடணுமா, நேரே மங்களமா? பிரதி மத்யமத்துக்கு அந்த ஒரு விருத்தம் போதுமா?

வில்லும் விரலும்

போதாது, காது இன்னும் கொஞ்சம் கேட்கும். ஆனால் இரண்டு கேள்விக்கும் ஒரே பாட்டில் பதில் இருக்கிறது. தனி முடிந்ததும் "அப்பராம பக்தி" பாடுங்கள். பந்துவராளி, ரூபகம், சின்ன உருப்படி, விறுவிறுப்பு. நிரவல் எதுவும் தேவையில்லை. சரணங்களில் லக்ஷ்மணன், பரதன், சபரி, கடலைத் தாண்டிய குரங்கு என்று ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள், ராம பக்தி இல்லாவிட்டால் இவர்கள் இப்படியெல்லாம் செய்திருப்பார்களா என்று கேட்கிற பாட்டு. இவ்வளவு நேரம் நீங்கள் பாடாமல் விட்ட ஆட்கள் எல்லாம் அதில் வந்துவிடுகிறார்கள், சபரிக்குத் தனிப் பாட்டு தேட வேண்டாம். சுபபந்துவராளியும் பந்துவராளியும் ஒரே கச்சேரியில் வரலாமா என்று சிலர் கேட்பார்கள். நடுவில் வசந்தாவும் நீளமான காம்போஜியும் தனியும் இருக்கின்றன, ஒன்றும் ஆகாது.

நேரக் கணக்கு மட்டும் கவனம். மெயினுக்கும் தனிக்கும் சேர்த்து முப்பத்தைந்து நிமிடம் வையுங்கள். பைரவி பதினேழு பதினெட்டைத் தாண்டக் கூடாது, ஆலாபனை நன்றாக வந்துகொண்டிருந்தாலும் நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீங்கள் வெட்டப் போவது கடைசியில்தான். நேரம் போய்விட்டால் "ரகுநாயகா"வின் ஸ்வரத்தை விடுங்கள், தாலாட்டையும் புலம்பலையும் தொடாதீர்கள்.

நீலாம்பரியிலிருந்து சுபபந்துவராளிக்கு மாறுகிற இடத்தை உங்கள் வயலின்காரரோடு ஒரு தடவையாவது முன்னால் உட்கார்ந்து பாடிவிடுங்கள். ராகம் மாறப் போகிறது என்று தெரியாமல் இருந்தால் அவர் தாலேலோவுக்குப் பின்னால் ஒரு சுற்று நீலாம்பரி வாசித்துப் பதில் சொல்லுவார், அது அவர் கடமை, அந்த இடத்தில் நீங்கள் நினைத்தது நடக்காது. தாலாட்டுக்கு அவர் பதில் வாசிப்பதா வேண்டாமா, மாறியபின் முதல் பிடியை நீங்களே எடுத்துவிடுவதா, இந்த இரண்டையும் அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் தாலாட்டுக்குப் பதில் வாசிக்க மாட்டேன், ஸட்ஜத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

வலந்தலை

அதையே மிருதங்கக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். ஹிந்தோளப் பாட்டை முத்தாய்ப்பு (முடிவைக் காட்டுகிற தாளக் கோவை) வைத்து முடிக்காமல் சும்மா நிறுத்திவிடச் சொல்லுங்கள். முத்தாய்ப்பு வந்தால் கை தட்டிவிடுவார்கள்.